பிள்ளை விளையாடும்போது பேசுகிறது

(திருமுக்கூடலில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம். குழுவில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



வழக்கமாக நாம கூடினா சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை, இதைத்தான் பேசுவோம். இன்றைக்கு அரை நாள் பிள்ளைகளுக்காக ஒதுக்கியிருக்கிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது. கடந்த சில மாதங்களாக நான் போகிற குழுக்களில், நோட்டை மூடி வைத்த பிறகு யாராவது ஒரு அம்மா என்னைத் தனியாக அழைத்துப் பேசுகிறார். "புள்ள சரியா பேச மாட்டேங்குதும்மா." "ஏழு வயசாகுது, ராத்திரி படுக்கையிலேயே போயிடுது." "தங்கச்சியைக் கண்டா அடிக்கிறான், என்ன பண்றதுன்னே தெரியல." வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கும். அப்பா குடித்துவிட்டு அடிப்பவராக இருப்பார். கடன்காரர் வந்து வாசலில் கத்திவிட்டுப் போயிருப்பார். பெரியவர்கள் நாம் அழுது தீர்த்துக்கொள்கிறோம், பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்கிறோம். பிள்ளை எங்கே போய்ச் சொல்லும்?

அதற்கு ஒரு வழி இருக்கிறது. படித்தவர்கள் அதை பிளே தெரபி என்பார்கள். தமிழில் விளையாட்டு வழிச் சிகிச்சை. அதில் நம்மால் முடிந்தது எது, முடியாதது எது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்வதானால்: பிள்ளையைக் கேள்வி கேட்காதீர்கள், அது விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நம்ம ஊர்க் கல்வெட்டு

இதெல்லாம் பட்டணத்து வைத்தியம், நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். நாம் கூடியிருக்கிற இதே ஊரில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோவில் சுவரில் ஒரு பெரிய கல்வெட்டு இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தது. வெட்டி 950 ஆண்டுக்கு மேல் ஆகிறது. கோவிலை ஒட்டி ஒரு பாடசாலை, மாணவர் விடுதி, ஒரு மருத்துவமனை நடந்த விவரம் அதில் இருக்கிறது. மருத்துவமனையில் 15 கட்டில்கள். வைத்தியர் ஒருவர், அறுத்து வைத்தியம் பார்ப்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனித்து மருந்து தயார் செய்யப் பெண்கள். ஒவ்வொருவருக்கும் என்ன கூலி என்று கணக்கும் எழுதியிருக்கிறது.

வைத்தியர் மட்டும் போதாது, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் பெண்ணும் வேண்டும் என்று அன்றைக்கே கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிள்ளை மனசில் படும் காயத்துக்கும் அப்படித்தான். வைத்தியர் வேலை வேறு, பக்கத்தில் இருப்பவர் வேலை வேறு. இரண்டாவது வேலையை நாம் செய்யலாம்.

"நாங்களே விளையாடினது இல்லையே"

இப்படிச் சொல்கிற அக்காமார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றி தறி உள்ள ஊர்களில் பிறந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். கோர்வைச் சேலை என்றால் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்கிறவர் பக்கத்தில் நாடா வாங்கிப் போட இன்னொரு கை வேண்டும். அந்தக் கைக்குப் பிள்ளைகளைத்தானே உட்கார வைத்தோம்? முன்பணம் வாங்கினால் அது அடைகிற வரைக்கும் பிள்ளை தறியில்தான். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு இந்தியாவின் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருந்த பிள்ளைகளைப் பற்றி 2003-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது. அப்படி உட்கார்ந்த பிள்ளைகளில் பலர் இன்று தாய்மார்கள். ஆகவே பிள்ளை விளையாடுவதைப் பார்த்தால் "வெட்டியா உக்காந்திருக்கு" என்று தோன்றுவது நம்முடைய குற்றம் இல்லை. நம்மை வளர்த்த விதம் அது.

ஆனால் விளையாட்டு வெட்டி வேலை இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில், 31-ஆம் பிரிவு விளையாடுவதைப் பிள்ளையின் உரிமை என்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றுக்கொண்டது. உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும். நமக்கு வார்த்தை எப்படியோ, சின்னப் பிள்ளைக்கு விளையாட்டு அப்படி. "எனக்குப் பயமா இருக்கு, எங்கப்பா போனதுல என் தப்பு ஏதாவது இருக்குமோ" என்று ஐந்து வயசுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மேலே துணியைப் போட்டு மூடி, அதைச் சுற்றிச் சுற்றி வரும். சொல்ல வந்தது அதுதான்.

இது எங்கிருந்து வந்தது?

லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற பெண் மருத்துவர் 1920-களின் கடைசியிலேயே மணல் நிரப்பிய தட்டும் சின்னச் சின்ன பொம்மைகளும் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்கள் அமைப்பதைக் கவனித்து வந்தார். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற பெண்மணி 1947-இல் ஒரு புத்தகம் எழுதி, இந்த வேலைக்கு எட்டு விதிகளை வகுத்துக் கொடுத்தார். இன்றைக்கும் பயிற்சியில் அந்த விதிகளைச் சொல்லித்தருகிறார்கள். 1960-களில் அங்கேயே பெர்னார்ட் கெர்னி, லூயிஸ் கெர்னி என்ற கணவன் மனைவி, "சிகிச்சையாளர் மட்டும்தான் செய்ய வேண்டுமா, தாய்க்கே கற்றுக்கொடுத்தால் என்ன?" என்று யோசித்தார்கள். தாய்மாருக்குப் பயிற்சி கொடுத்து, வாரம் ஒரு நாள் தன் பிள்ளையோடு இந்த முறையில் விளையாட வைத்தார்கள். நாம் இன்று பேசப் போவது அந்த வழியைத்தான்.

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது புதிது இல்லை. இலங்கையில் மட்டக்களப்பில், போர் நடந்துகொண்டிருந்த 1996-இல், வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கனடாவிலிருந்து வந்த பால் ஹோகன் என்ற கலைஞரும், பால் சற்குணநாயகம் என்ற பாதிரியாரும் முன்னின்று செய்தார்கள். போரில் அடிபட்ட ஊர்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்தார்கள். களிமண், வண்ணம், கதை, நாடகம், தோட்டம் இவைதான் அங்கே மருந்து. பிள்ளைகளோடு இருந்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள்.

நம் பக்கத்திலும் 2004 டிசம்பர் 26 சுனாமியை மறக்க முடியாது. இன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் மாமல்லபுரம், கோவளம் கடற்கரையெல்லாம் அப்போது நம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். நாகப்பட்டினம் வரைக்கும் பல ஊர்களில் பிள்ளைகள் காகிதம் கிடைத்தால் அலையைத்தான் வரைந்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலிருந்து வந்து ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். படம், பாட்டு, விளையாட்டு வழியாகப் பிள்ளைகள் மனசைத் திறக்க வைக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான பாடம்.

பை ஒன்று, பாய் ஒன்று

இனி செய்முறைக்கு வருகிறேன். மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். ஒரு துணிப்பை, ஒரு பாய் போதும். பையில் மூன்று விதமான சாமான் இருக்க வேண்டும்.

முதலாவது, வீட்டைக் காட்டும் சாமான். சொப்பு, ஆண் பெண் குழந்தை என்று நாலைந்து பொம்மை, ஒரு பஸ், ஒரு ஆட்டோ, உடைந்த பழைய போன், கட்டுப் போடத் துணிச்சுருள், ஊசி எடுத்த சிரிஞ்சு மாதிரி ஒரு பொம்மை. மரப்பாச்சி இருந்தால் ரொம்ப நல்லது.

இரண்டாவது, கோபத்தைக் காட்டும் சாமான். ஒரு பழைய தலையணை, பிளாஸ்டிக் பாம்பு அல்லது புலி, போலீஸ் பொம்மை, ஒரு துண்டுக் கயிறு. "இதையெல்லாம் கொடுத்தா கெட்டுப்போயிடுமே" என்று பயப்பட வேண்டாம். கோபம் ஏற்கெனவே பிள்ளைக்குள் இருக்கிறது. தலையணை அதற்கு ஒரு இடம் தருகிறது.

மூன்றாவது, கையால் செய்கிற சாமான். களிமண், கலர் கிரேயான், காகிதம், சிலேட்டு, புளியங்கொட்டை, தறியில் மிஞ்சிய நூல் துண்டுகள். பாலாற்று மணல் ஒரு படி, சலித்துக் கழுவிக் காயவைத்து, ஒரு அகலமான பிளாஸ்டிக் தட்டில் போடுங்கள். மணல் எடுக்கப் பிள்ளையை ஆற்றுக்கு அனுப்பாதீர்கள். அள்ளின பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், ஆழம் தெரியாது.

விலை உயர்ந்த பொம்மை வேண்டாம், உடைந்துவிடுமோ என்று நமக்கே பதறும். கேரம், தாயம் மாதிரி ஜெயிப்பது தோற்பது உள்ள ஆட்டங்களும் இந்தப் பையில் வேண்டாம். செல்போன் கூடவே கூடாது.

அரை மணி நேரம்

வாரத்தில் ஒரு நாள். அரை மணி நேரம். அதே நாள், அதே நேரம், அதே இடம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்று சொன்னால் பத்து மணிதான். நம்ம குழுக் கூட்டத்தை எப்படி நாள் தவறாமல் நடத்துகிறோமோ அப்படி. வீட்டில் ஒரு சாவோ சண்டையோ நடந்த பிள்ளைக்கு எதுவுமே நிலையாக இல்லை என்ற பயம் இருக்கும். சொன்ன நேரத்துக்கு ஒரு பெரியவர் வந்து உட்காருவதே அதற்குப் பாதி மருந்து. "சேட்டை பண்ணே இல்ல, இந்த வாரம் விளையாட்டு கிடையாது" என்று தண்டனையாக நிறுத்தக் கூடாது. மருந்தைத் தண்டனையாக நிறுத்துவோமா?

அந்த நேரத்தில் டி.வி. இல்லை, போன் இல்லை. மற்றப் பிள்ளைகளை அத்தை வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். பையை விரித்து ஒரே வார்த்தை சொல்லுங்கள்: "இந்த அரை மணி நேரம் உன்னுது. இதை வச்சு நீ எப்படி வேணும்னாலும் விளையாடலாம்." அவ்வளவுதான். பிறகு என்ன விளையாடுவது என்று பிள்ளைதான் சொல்லும். நாம் சொல்லக் கூடாது. விளையாடாமல் சும்மா உட்கார்ந்தாலும் சரி, நாமும் சும்மா உட்கார வேண்டும். முடிவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் சொல்லிவிடுங்கள்: "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." முடிந்ததும் பையைக் கட்டி எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த வாரம்தான் திறக்க வேண்டும்.

பேச்சில் கவனம்

இதுதான் கஷ்டமான பாகம். நமக்கு வாய் சும்மா இருக்காது.

ஒன்று, கேள்வி வேண்டாம். "இது என்ன? ஏன் இப்படிச் செஞ்சே? இது அப்பாவா?" என்று கேட்டால் பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு நமக்குப் பிடித்த பதிலைத் தேடும். பதிலாக, பார்ப்பதைச் சொல்லுங்கள். "பஸ்ஸு வேகமா போகுது." "இதை அடியில ஒளிச்சு வைக்கிற." நாம் கூடவே இருக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்.

இரண்டு, பெயர் வைக்காதீர்கள். ஒரு குச்சியை நாம் குச்சி என்போம். பிள்ளைக்கு அது பாம்பாக இருக்கலாம், அப்பாவின் பெல்ட்டாக இருக்கலாம். பிள்ளை பெயர் சொல்கிற வரைக்கும் "அது", "இது" என்றே சொல்லுங்கள்.

மூன்று, உணர்ச்சியைச் சொல்லுங்கள். பொம்மையைத் தூக்கி எறிந்தால், "அது மேல உனக்கு ரொம்பக் கோவம்." கட்டிப் பிடித்துக்கொண்டால், "அதை விடவே மனசு வரல." "அழாத, ஆம்பளப் புள்ள அழலாமா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அழுகை வந்தால் வரட்டும்.

நான்கு, மெச்சுவதும் வேண்டாம், திருத்துவதும் வேண்டாம். "சூப்பர், ரொம்ப அழகு" என்றால் அடுத்த முறை நமக்காக வரையும். "பசுவுக்கு ஏன் பச்சைக் கலர்?" என்றால் வரைவதையே நிறுத்திவிடும். "நீயாவே செஞ்சு முடிச்சிட்ட" என்பது போதும்.

ஐந்து, அவசரப்படுத்தாதீர்கள். பாவு நனைந்திருந்தால் காய்கிற வரைக்கும் காத்திருப்போம், இழுத்தால் இழை அறும். பிள்ளை மனசும் அப்படி.

எல்லை எங்கே?

எல்லாம் விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். இல்லை. தன்னையும் காயப்படுத்திக்கொள்ளக் கூடாது, நம்மையும் அடிக்கக் கூடாது, சாமானை வேண்டுமென்றே உடைக்கக் கூடாது, நேரம் முடிந்தால் முடிந்தது. இவ்வளவுதான் எல்லை. ஆனால் முன்கூட்டியே சட்டம் படிக்க வேண்டாம். தேவைப்படும்போது மூன்று படியாகச் சொல்லுங்கள். பிள்ளை குச்சியை எடுத்து ஆயாவை அடிக்க வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி, உணர்ச்சி: "உனக்கு ஆயா மேல கோவம் வந்திருக்கு."

இரண்டாம் படி, எல்லை: "ஆனா ஆயா அடிக்கறதுக்கு இல்ல."

மூன்றாம் படி, மாற்று வழி: "தலைகாணி இருக்கு, அதை அடிக்கலாம்."

குரலை உயர்த்தாமல் இதே மூன்றையும் இரண்டு, மூன்று முறை சொல்லிப் பாருங்கள். "அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று நம் பக்கம் சொல்வார்கள். ஏற்கெனவே அடிபட்ட பிள்ளைக்கு இன்னொரு அடியில் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

ஒரு பையனும் ஒரு ஆயாவும்

நான் வேலை செய்கிற பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர், பெயர் சொல்ல மாட்டேன், சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். விளையாட்டில் வெளிவந்ததை வெளியில் பேசக் கூடாது என்பது இந்த வேலையின் கட்டாய விதி. ஆயாவின் அனுமதியோடுதான் இவ்வளவும் சொல்கிறேன்.

பையனுக்கு ஆறு வயது. அப்பா இரவு வேலை முடிந்து வண்டியில் வரும்போது விபத்தில் இறந்துவிட்டார். பிள்ளை தாங்காது என்று பயந்து, "அப்பா வெளியூர் போயிருக்காரு" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். பையன் ஒன்றும் கேட்கவில்லை. மெல்ல மெல்லப் பேச்சு நின்றது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட பதில் இல்லை. படுக்கையில் ஒண்ணுக்குப் போக ஆரம்பித்தான். மந்திரித்துப் பார்த்தார்கள். அடித்தும் பார்த்தார்கள். "மக்காயிட்டான், ஹாஸ்டல்ல சேர்த்துடலாம்" என்று அம்மா முடிவு செய்திருந்தார். அவருக்கும் வேலைக்குப் போக வேண்டும், வேறு வழி தெரியவில்லை.

முதலில் பையனை மருத்துவமனையில் காட்டச் சொன்னோம். சிறுநீரில் கிருமியோ காதில் கோளாறோ இல்லை என்று தெரிந்தது. ஆலோசகர் ஒருவர் ஆயாவுக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுத்தார். ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் வாரம் தவறவில்லை.

முதல் இரண்டு வாரம் பையன் பையைத் தொடவே இல்லை. ஆயாவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் மணல் தட்டில் வண்டியைப் புதைத்தான், எடுத்தான், புதைத்தான், எடுத்தான். நான்காவது வாரமும் அதேதான். ஐந்தாவது வாரம் வண்டியோடு ஒரு பொம்மையையும் புதைத்தான். ஆயா கேள்வி கேட்கவில்லை. "வண்டியும் உள்ள போயிடுச்சு, அவரும் உள்ள போயிட்டாரு" என்று மட்டும் சொன்னார். ஆறாவது வாரம் பொம்மையை வெளியே எடுத்து, துணியைச் சுற்றிக் கட்டுப் போட்டான். ஏழாவது வாரம் ஆயா முகத்தைப் பார்த்து, "அப்பா இனிமே வர மாட்டாரா?" என்று கேட்டான்.

பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. யாரோடு பேசுவது என்றுதான் தெரியவில்லை. அன்று மாலை அம்மா அவனை மடியில் வைத்து உண்மையைச் சொன்னார். "அப்பா செத்துட்டாரு. இனிமே வர மாட்டாரு. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. நானும் ஆயாவும் உன்னை விட்டு எங்கேயும் போக மாட்டோம்." இரண்டு பேரும் அழுதார்கள். அதற்குப் பிறகும் சில இரவு படுக்கை நனைகிறது. ஆனால் வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்கிறான். ஹாஸ்டல் பேச்சு நின்றுபோனது.

சாவை மறைப்பது நம் வீடுகளில் வழக்கம். "தூங்கறாரு", "சாமிகிட்ட போயிருக்காரு", "ஊருக்குப் போயிருக்காரு" என்கிறோம். தூங்குகிறார் என்றால் பிள்ளை தூங்கப் பயப்படும். ஊருக்குப் போயிருக்கிறார் என்றால் என்னை விட்டுவிட்டு ஏன் போனார் என்று நினைக்கும். எளிமையான வார்த்தையில் உண்மையைச் சொல்லுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

அந்தப் பையன் விளையாட்டில் வாரா வாரம் ஏதோ கொஞ்சம் மாறியது, கவனித்தீர்களா? வண்டி, பிறகு பொம்மை, பிறகு கட்டு. அது ஆறுகிற விளையாட்டு. ஆறாத விளையாட்டும் உண்டு. அமெரிக்காவில் சௌசில்லா என்ற ஊரில் 1976-இல் பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகளைக் கடத்திப் போய் மண்ணுக்கு அடியில் அடைத்து வைத்தார்கள். பிள்ளைகள் தப்பி வந்துவிட்டார்கள். அவர்களைத் தொடர்ந்து பார்த்த லெனோர் டெர் என்ற பெண் மருத்துவர், சில பிள்ளைகள் நடந்ததையே திரும்பத் திரும்ப, எந்த மாற்றமும் சந்தோஷமும் இல்லாமல் விளையாடுவதைக் கண்டார். அந்த விளையாட்டால் பயம் குறையவில்லை. இப்படிப் பல வாரம் ஒரே மாதிரி, முகம் இறுகி, முடிவே இல்லாமல் விளையாடினால் அது நம்மால் ஆகிற காரியம் இல்லை. பயிற்சி பெற்றவரிடம் காட்ட வேண்டும்.

இன்னும் சில அடையாளங்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, "செத்துப் போயிடலாம்" என்று சொல்வது, சாப்பாடும் தூக்கமும் நாள்கணக்கில் கெடுவது, பேச்சே நின்றுபோவது, விலங்குகளை வதைப்பது. இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். போனில் ஆலோசனை வேண்டுமானால் 14416. டெலி மானஸ் என்ற இந்த அரசு சேவை 2022-இல் தொடங்கியது, கட்டணம் கிடையாது.

ஒரு முக்கியமான விஷயம். பாலியல் கொடுமை நடந்திருக்கலாம் என்று பிள்ளையின் பேச்சிலோ விளையாட்டிலோ தெரிந்தால், தோண்டித் துருவிக் கேட்காதீர்கள். பொம்மையைக் காட்டி "எங்க தொட்டான், காட்டு" என்று கேட்பது நம் வேலை இல்லை. பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டால் பிள்ளையும் குழம்பும், வழக்கும் கெடும். பிள்ளை தானாகச் சொன்னதை அதே வார்த்தையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். உடனே 1098-க்குப் போன் செய்யுங்கள், அல்லது காவல் நிலையத்தில் சொல்லுங்கள். 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் தெரிவிக்க வேண்டியது கட்டாயம். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது.

குழுவுக்கு ஒரு வேண்டுகோள்

நம் குழுக்களில் ஒரு நல்ல பழக்கமும் உண்டு, ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. ஒருத்தர் கஷ்டம் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. கடன் விஷயத்தில் அது நல்லது. பிள்ளை விஷயத்தில் அது விஷம். "அவ புள்ள இன்னும் படுக்கையில போகுதாம்" என்று கடைத்தெரு வரைக்கும் போனால், அந்தப் பிள்ளை பள்ளியில் தலை நிமிர முடியாது. விளையாடுவதைப் போனில் படம் பிடிப்பது, வாட்ஸ்அப்பில் போடுவது இரண்டும் வேண்டாம். வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டவும் வேண்டாம். அது பிள்ளை நமக்கு எழுதின கடிதம்.

அங்கன்வாடி அக்காமார்களுக்கும், குழுவில் பிள்ளைகளைக் கவனிக்க முன்வருபவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இன்று கேட்டதை வைத்து யாரும் தன்னைச் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். அதற்குத் தனிப் படிப்பும் பயிற்சியும் மேலே ஒருவர் கண்காணிப்பும் தேவை. நாம் செய்வது தாயும் ஆயாவும் அத்தையும் செய்கிற வேலை. அதைச் சரியாகச் செய்தால் அதுவே பெரிது.

அடுத்த கூட்டத்துக்குள் மூன்று காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு குழுவும் பொதுவாக ஒரு விளையாட்டுப் பை தயார் செய்யட்டும். பாதிச் சாமான் வீட்டிலேயே இருக்கும். மீதியைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். தேவைப்படுகிற வீட்டுக்குப் பையைக் கொடுத்துவிடுங்கள், அந்த வீட்டுக்குத் தேவை தீருகிற வரைக்கும் திருப்பிக் கேட்காதீர்கள். இரண்டாவது, 1098, 14416 இரண்டு எண்களையும் குழுத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்றாவது, பிரச்சினை இருக்கோ இல்லையோ, உங்கள் பிள்ளையோடோ பேரப் பிள்ளையோடோ இந்த வாரம் ஒரே ஒரு அரை மணி நேரம் பாயில் உட்காருங்கள். கேள்வி கேட்காமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். எத்தனை முறை வாய் தவறிக் கேட்டுவிட்டீர்கள் என்று எண்ணி வந்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். பிள்ளை என்ன விளையாடியது என்று மட்டும் சொல்ல வேண்டாம்.